நிழல் பூசிய ஜாடிகள்

முன்பு, மிக மிக முன்பு, யார் கணக்கிலும் வராத ஒரு காலத்தில், யவன தேசத்தின் ஓரத்தில் அர்கிலா என்று ஒரு சின்ன ராஜ்ஜியம் இருந்தது. ஒரு பக்கம் கடல், மற்ற மூன்று பக்கமும் களிமண். அங்கே கோதுமை சரியாக விளையாது, ஆடு சரியாக மேயாது. ஆனால் அந்த மண்ணைக் கையில் எடுத்தால் சொன்னபடி கேட்கும். அதனால் ஊரில் பாதிப்பேர் குயவர்கள், மீதிப்பேர் குயவர்களுக்கு விறகு வெட்டுபவர்கள்.

மதுவுக்கு ஒரு ஜாடி, எண்ணெய்க்கு ஒரு ஜாடி, தண்ணீருக்கு மூன்று காது வைத்த ஒரு ஜாடி, இறந்தவர் தலைமாட்டில் வைக்க ஒல்லியாக ஒரு ஜாடி என்று வகைவகையாக வனைந்தார்கள். எல்லாவற்றிலும் படம் உண்டு. குதிரை, கப்பல், மல்லர்கள், மயிர் கோதும் பெண்கள். ஆனால் ஒரு குறை. சூளையை விட்டு இறங்கும்போது ஜாடியும் சிவப்பு, படமும் சிவப்பு. பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் குதிரை தெரியும். நாலடி தள்ளி வைத்தால் அது குதிரையா, கறையா என்று சண்டை வரும்.

அந்த நாட்டு அரசர் போலிமனுக்கு ஜாடிப் படங்கள் என்றால் உயிர். ஆனால் வயதாக ஆகக் கண் மங்கிக்கொண்டே வந்தது. விருந்தில் எல்லோரும் ஜாடியைப் பார்த்துச் சிரிப்பார்கள், இவரும் சிரிப்பார். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாது. ஒருநாள் அரியணையில் உட்கார்ந்தபடியே, "நான் இருக்கும் இடத்திலிருந்து எனக்குத் தெரிகிற மாதிரி ஒரு படம் வரைய இந்த நாட்டில் ஆளே இல்லையா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பாவமாகத்தான் கேட்டார்.

அரசர்கள் பாவமாகக் கேட்டால் மாயாவிகளுக்குக் காது கேட்டுவிடும்.

ஸ்கியாஸ் என்று ஒரு மாயாவி வந்தான். உயரமாக, ஒல்லியாக, கண்ணைச் சுற்றிக் கறுத்துப்போய் இருந்தான். கையில் ஒரு சின்னக் கிண்ணம். அதற்குள் ஒரு கருப்பு மை. அதைத் தொட்டு ஒரு சிவப்பு ஜாடியில் ஒரே ஒரு குதிரை வரைந்தான். மண்டபத்தின் அந்தக் கோடியில் கொண்டுபோய் வைத்தான்.

"குதிரை," என்றார் அரசர். பிறகு, "பின்னங்கால் ஒன்று தூக்கியிருக்கிறது," என்றார். பிறகு அழுதுவிட்டார்.

"இன்னும் வேண்டும்," என்றார்.

"வரையலாம் அரசே. மைதான் வேண்டும்."

"மை எதில் செய்கிறாய்?"

"நிழலில்," என்றான் ஸ்கியாஸ்.

அரசர் அதற்குமேல் கேட்கவில்லை. சில கேள்விகளைக் கேட்காமல் இருப்பது அரசர்களுக்குக் கைவந்த கலை.

ஸ்கியாஸ் சந்தைவெளியில் போய் நின்றான். "உங்கள் நிழலைத் தாருங்கள். அரசரின் ஜாடியில் உங்களை எழுதுகிறேன். நீங்கள் போனபின்னும் நீங்கள் இருப்பீர்கள்," என்றான். நிழல்தானே, அதை வைத்துக்கொண்டு என்ன செய்தோம் இத்தனை நாளும் என்று ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். மீன்காரி போர்வீராங்கனை ஆனாள். விறகுவெட்டி சிங்கத்தோடு மல்லுக்கு நின்றான். ஸ்கியாஸ் தரையில் கிடந்த நிழலின் ஓரத்தை நகத்தால் கிள்ளி, வெங்காயத்தோல் மாதிரி உரித்து, சுருட்டி, அம்மியில் அரைத்துக் கிண்ணத்தில் வழித்தான். வலிக்கவே இல்லை.

அன்றிலிருந்து நிழல் கொடுத்தவர் யாருக்கும் தூக்கம் வரவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். தூக்கம் பகலெல்லாம் எங்கே இருக்கிறது? நம் நிழலுக்குள்தான் சுருண்டு படுத்திருக்கிறது. பொழுது சாய்ந்தால் மெல்ல எழுந்து கால்வழியாக மேலே ஏறி வருகிறது. நிழல் இல்லை என்றால் தூக்கத்துக்கு வீடு இல்லை. அது எங்கேயோ போய்விடும். நாம் கண்ணைத் திறந்துகொண்டு அது வரும் வரும் என்று கிடக்கவேண்டியதுதான்.

அந்த ஊரில் கடற்கரையோரக் கடைசி வீட்டில் ஒரு அக்காளும் தம்பியும் இருந்தார்கள். அக்காள் பெயர் மெலித்தா. தம்பி பெயர் லிகோன். தம்பி ஜாடி வனைவான், அக்காள் படம் வரைவாள். லிகோனுக்குப் பிறவியிலேயே இடதுகால் ஒரு சாண் குட்டை. சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் ராஜா, எழுந்து நடந்தால் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேடிக்கை. அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டான். எடுத்துக்கொள்ள மாட்டான் என்றுதான் மெலித்தாவும் நினைத்திருந்தாள்.

ஒருநாள் உச்சிவெயில் சாய்ந்த நேரம். வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த லிகோனைப் பார்த்தாள். சக்கரத்துக்கு நிழல் இருந்தது, குடத்துக்கு நிழல் இருந்தது, அவனுக்கு இல்லை.

"லிகோன், உன் நிழல் எங்கேடா?"

"அரண்மனையில இருக்கு."

"எதுக்குக் கொடுத்தே?"

அவன் மண்ணைப் பிசைந்துகொண்டே இருந்தான். "ஓட்டப்பந்தயக்காரனா வரையறேன்னு சொன்னான்கா. நாலு பேர் ஓடுறாங்களாம், நான் முதல்ல ஓடுறேனாம். போய்ப் பார்த்தேன். நல்லாத்தான் ஓடுறேன்."



தூங்காமல் தூங்காமல் எல்லோரும் சோர்ந்தார்கள், லிகோன் இளைத்தான். இளைத்தான் என்றால் எலும்பு தெரிய அல்ல. அவன் வழியாக அந்தப்பக்கம் தெரிய ஆரம்பித்தது. முதலில் விரல், பிறகு கை. மண்ணைத் தொட்டால் தடம் விழவில்லை. மெலித்தா கிளம்பி நேரே மாயாவியிடம் போனாள்.

மாயாவிகளுக்கு ஒரு விதி உண்டு. ஒரே கேள்வியை மூன்றுதரம் கேட்டால் மூன்றாம் தரம் உண்மை சொல்லியாக வேண்டும்.

"என் தம்பியின் நிழலை எப்படித் திரும்பப் பெறுவது?" என்றாள்.

"முடியாது," என்றான் ஸ்கியாஸ்.

"என் தம்பியின் நிழலை எப்படித் திரும்பப் பெறுவது?"

"உனக்கு இன்னொரு தம்பி பிறந்தால் பார்க்கலாம்."

"என் தம்பியின் நிழலை எப்படித் திரும்பப் பெறுவது?"

ஸ்கியாஸ் பல்லைக் கடித்தான். பிறகு சொன்னான்: "நிழல் கலக்காத கருப்பில் ஒரு படம் வேண்டும். அரசர் தன் ஆசனத்தை விட்டு எழாமல் அதைப் பார்த்து, அது என்ன படம் என்று சொல்லவேண்டும். அந்த நொடியில் என் மந்திரம் அவிழும். எல்லா நிழலும் இறங்கிவிடும். ஆனால் அமாவாசையன்று சூரியன் மறைவதற்குள் இது நடக்கவேண்டும். அதற்குள் நடக்காவிட்டால் உன் தம்பி இருந்த இடத்தில் காற்றுதான் இருக்கும். போதுமா?"

"போதும்," என்றாள் மெலித்தா. வாசல்வரை போனவள் திரும்பினாள். "நீ ஏன் இப்படிச் செய்யறே?"

அதை அவள் ஒரேதரம்தான் கேட்டாள். இருந்தும் அவன் பதில் சொன்னான். "மாயாவி என்பதால் நான் கரையவில்லை, ஆனால் தூங்கி எத்தனையோ காலம் ஆகிறது, பெண்ணே. முதல்முதலில் அரைத்தது என் நிழலைத்தான். யாருடைய நிழலிலாவது என் தூக்கம் போய் ஒளிந்திருக்குமோ என்று பார்க்கிறேன்."

அவள் வீட்டுக்கு நடந்தாள்.

கருப்பு என்றால் எது கருப்பு? கடலில் கணவாய் மீன் கக்கும் மை கருப்பு. மெலித்தா மீனவர்களிடம் போய்க் குடம்குடமாக வாங்கிவந்தாள். அந்த மையால் ஒரு காளையை வரைந்தாள், காய்ந்ததும் ஊசிமுனையால் கீறிக் கண்ணும் கொம்பும் எழுதினாள். சூளையில் அடுக்கினாள், நெருப்பு மூட்டினாள்.

இங்கே அந்த ஊர்ச் சூளையைப் பற்றிச் சொல்லவேண்டும். தேன்கூட்டைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். கீழே விறகு வாய், பக்கவாட்டில் காற்றுத் துளைகள், உச்சியில் புகைபோக்கி. ஒவ்வொரு சூளையின் நெற்றியிலும் ஒரு கோரமுகம் தொங்கும். பிதுங்கிய கண், வெளியே தொங்கும் நாக்கு, பன்றிப்பல். சூளைக்குள் ஒரு பூதம் இருக்கிறது, அதுதான் ஜாடிகளை உடைக்கிறது, அந்த முகத்தைப் பார்த்தால் அடங்கி இருக்கும் என்று குயவர்கள் நம்பினார்கள். அப்படியும் பத்துக்கு மூன்று உடையத்தான் செய்தது. "முகத்தில் கோரம் போதவில்லை," என்று இன்னும் பெரிய பல்லாக வைப்பார்கள்.

மெலித்தா சூளையைத் திறந்தாள். கணவாய் மை எரிந்து ஆவியாகப் போயிருந்தது. சிவப்பு ஜாடியில் சிவப்பாகக்கூட ஒன்றும் இல்லை.

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அப்போது சூளைக்குள் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

"மன்னிச்சுக்கக்கா," என்றது ஒரு குரல். "நல்ல காளைதான். என் மூச்சு பட்டுச்சு, எரிஞ்சுபோச்சு. நான் மூச்சு விட்டா மையெல்லாம் நிக்காது."

மெலித்தா எட்டிப் பார்த்தாள். இருட்டில் இரண்டு தணல் மாதிரிக் கண்கள். இடுப்பளவு சாம்பலில் ஒரு பூதம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"நீதான் ஜாடி உடைக்கிற பூதமா?"

"வேணும்னு உடைக்கலக்கா. லேசாக் கண்ணயர்வேன். முழிச்சுப் பார்த்தா வெளியே அந்த மூஞ்சி தொங்குது. தூக்கிவாரிப் போடும். நான் தூக்கிப் போட்டா ஜாடி சும்மா இருக்குமா? இந்த ஊர் வந்ததிலேருந்து நான் சரியாத் தூங்கலக்கா."

"இங்கே யாருமே தூங்கல," என்றாள் மெலித்தா. பிறகு யோசித்தாள். "உன் மூச்சு பட்டா எரியுது. நீ மூச்சை அடக்கினா?"

"அடக்கலாம். காத்தை விடாதே, பச்சை விறகைப் போடு. அந்தப் புகையிலே சுகமா அடக்குவேன். ஆனா அந்த மூஞ்சி இருக்கிறவரைக்கும் பயத்திலே வாய் தானாத் திறந்துக்குது."

மெலித்தா ஏணி வைத்து ஏறிக் கோரமுகத்தைக் கழற்றினாள். பக்கத்துச் சூளைக்காரர் நிகோன் மண் பிசைந்த கையோடு ஓடிவந்தார்.

"ஏம்மா, உனக்குப் புத்தி கித்தி பிசகிப்போச்சா? மூஞ்சியை எடுத்தா பூதம் ஊரையே உடைச்சிடுமே."

"இந்த மூஞ்சியை உங்க படுக்கைக்கு எதிரே மாட்டி வைக்கட்டுமா மாமா? தூங்கிப் பாருங்க."

நிகோன் அதை ஒருதரம் பார்த்தார். "என் வீட்டிலே ஏற்கெனவே ஒண்ணு இருக்கு," என்று முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் சொன்னது அவருடைய மச்சினனை.

கணவாய் மை தீர்ந்துவிட்டது. மெலித்தா வழக்கமாக வரைவதிலேயே ஜாடிகளில் காளைகளை வரைந்தாள். மண்ணைத் தண்ணீரில் கரைத்து ஊறவிட்டால் கல்லும் மணலும் அடியில் இறங்கும். மேலாக நிற்பதை மட்டும் வடித்து, மறுபடி ஊறவிட்டு, மறுபடி வடித்தால் கடைசியில் வெண்ணெய் போல ஒன்று மிஞ்சும். அதற்கு மண்பால் என்று பெயர். ஜாடியும் மண், மண்பாலும் அதே மண். அதனால்தான் சிவப்பின் மேல் சிவப்பு.

நெருப்பு நன்றாக ஏறியதும் பச்சை விறகைத் திணித்தாள். காற்றுத் துளைகளை ஈரமண் குழைத்து அடைத்தாள். புகைபோக்கியை மூடினாள். பூதம் மூச்சை அடக்கியது. ஆறியபின் திறந்தால், எல்லாம் கருப்பு. காக்கைச் சிறகு மாதிரிக் கருப்பு. ஒன்றுகூட உடையவில்லை.

அவள் ஒரு ஜாடியை அணைத்துக்கொண்டு அரண்மனைக்கு நடந்தாள். மண்டபத்தின் அந்தக் கோடியில் வைத்தாள்.

அரசர் கண்ணைச் சுருக்கினார். "கருப்பாக இருக்கிறது," என்றார். மெலித்தா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு ஜாடி," என்றார். அவ்வளவுதான்.

"படம் எங்கே?" என்றான் ஸ்கியாஸ். "ஜாடியும் கருப்பு, படமும் கருப்பு. இதில் அரசர் எதைப் பார்ப்பார்? இதைக் கஞ்சி காய்ச்ச வைத்துக்கொள்."

அவையில் சிரித்தார்கள். தூங்காதவர்கள் சிரிக்கும் சிரிப்பு, நடுவிலேயே நின்றுபோயிற்று.

அரசர் மட்டும் சிரிக்கவில்லை. "உனக்கு எதற்கம்மா இவ்வளவு பாடு?" என்றார்.

"என் தம்பியின் நிழல் உங்கள் ஜாடியில் ஓடுகிறது அரசே. அவன் வீட்டில் கரைந்துகொண்டிருக்கிறான்."

அரசர் கைப்பக்கத்தில் இருந்த ஜாடியைத் தொட்டார். அதில் நாலு பேர் ஓடினார்கள். அவருக்கு நன்றாகத் தெரிந்த படம் அது. கையை எடுத்துக்கொண்டார்.

"இனிமேல் ஒரு நிழலும் உரிக்கக்கூடாது," என்றார் மாயாவியிடம். மெலித்தாவிடம், "உரித்ததை அவிழ்க்க என்னால் முடியாது. மறுபடி செய்து கொண்டு வா. நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்," என்றார்.

அவள் வீட்டுக்கு வந்தபோது மறுநாள் அமாவாசை. லிகோன் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். அவன் வழியாகச் சுவரின் விரிசல் தெரிந்தது. பொழுது போகாமல் மிச்சக் கருப்பு ஜாடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, அந்த ஓரத்து ஜாடியைத் திருப்பு. என்னால தூக்க முடியல."

திருப்பினாள். கருப்பு ஜாடியின் வயிற்றில் ஓரிடம் மட்டும் உள்ளங்கை அகலம் சிவந்திருந்தது. அந்தச் சிவப்பின் நடுவில் கருகருவென்று ஒரு குளம்பு.

மெலித்தா சூளைக்கு ஓடினாள். அவசரத்தில் அடைத்த ஒரு காற்றுத் துளையில் மண் உதிர்ந்து விழுந்திருந்தது. அவசரப்பட்டால் எந்தக் குயவருக்கும் நேரும் தப்புதான்.

"அது வந்துக்கா," என்றது பூதம், "அந்த ஓட்டை வழியாக் கொஞ்சம் கடல்காத்து வந்துச்சு. ரொம்ப நேரமா அடக்கியிருந்தேனா, ஒரே ஒரு வாய் இழுத்தேன். கோவிச்சுக்காதே."

"கோவிச்சுக்கல. ஜாடி சிவந்துச்சு, குளம்பு ஏன் சிவக்கல?"

"ஜாடி சொரசொரப்பு, அதுக்கு உடம்பெல்லாம் வாய். காத்து வந்தா குடிச்சிடும். உன் மண்பால் வழவழப்பு. சூட்டிலே உருகி வாயை மூடிக்கிச்சு. இனிமே நானே கெஞ்சினாலும் அது திறக்காது."

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. முதலில் மூச்சு விடவேண்டும். பிறகு அடக்கவேண்டும். பிறகு மறுபடியும் விடவேண்டும்.

விடிந்ததும் ஒரே ஒரு ஜாடியில் படம் எழுதினாள். லிகோன் அருகில் வந்து பார்த்தான்.

"என்னக்கா இது?"

"நீதான்."

சக்கரத்தின் முன் ஒருவன் குனிந்திருந்தான். ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை.

"கடைசியா வரையறே. ஓடுற மாதிரி வரையக்கூடாதா?"

"ஓடுறவனை எனக்குத் தெரியாதே," என்றாள் மெலித்தா. "எனக்குத் தெரிஞ்சவனைத்தான் வரைய வரும்."

 ஊசியால் அவள் படத்தின் கண்ணைக் கீறும்போது, "மூக்கு இவ்வளவு பெரிசு இல்ல," என்றான்.

அமாவாசைச் சூரியன் உச்சிக்கு வருமுன் சூளை பழுத்தது. பூதம் மூச்சு விட்டது, ஜாடி சிவந்தது. பச்சை விறகு போட்டு எல்லாத் துளையையும் அடைத்தாள். பூதம் மூச்சை அடக்கியது; ஜாடி கறுத்தது. பிறகு துளைகளை ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை. கடல்காற்று துளைவரை வந்து நின்றது, உள்ளே போகவில்லை. உள்ளே இழுக்க ஆள் வேண்டுமே.

"பூதமே," என்று கூப்பிட்டாள். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. எட்டிப் பார்த்தாள். கோரமுகம் இல்லாத நிம்மதியில், புகையின் சுகத்தில், பூதம் தூங்கிவிட்டது. எத்தனையோ வருஷத்துத் தூக்கம். பூதங்கள் தூங்கினால் மூச்சே விடாது.

நிகோன் ஒரு கோலை எடுத்துக்கொண்டு வந்தார். "ரெண்டு தட்டுத் தட்டினா எழுந்திடும்."

"தட்டினா தூக்கிவாரிப் போடும் மாமா. ஜாடி போயிடும். இன்னொன்னு சுட இன்னைக்குப் பொழுது இல்ல."

சூரியன் சாய்ந்துகொண்டிருந்தது. ஊரில் எல்லாவற்றுக்கும் நிழல் நீண்டது, நிழல் கொடுத்த மனிதர்களைத் தவிர.

"நான் போறேன்," என்றான் லிகோன்.

"எங்கே?"

"உள்ளே. இந்தத் துளை வழியா. நான்தான் இப்போ புகை மாதிரி இருக்கேனே. மெதுவா எழுப்பிட்டு வரேன்."

"அது மூச்சு இழுத்தா நீயும் சேர்ந்து போயிடுவேடா."

"இங்கேயே உட்கார்ந்தாலும் சாயங்காலம் போகப்போறேன். அதுக்கு ஒரு வேலை செஞ்சிட்டுப் போறேன். புகைக்கு நொண்டிக்கால் உண்டா என்ன? இன்னைக்குத்தான் நான் யாருக்கும் இளைச்சவன் இல்ல."

மெலித்தா அவன் கையைப் பிடித்தாள். பிடிக்க ஒன்றும் இல்லை. விட்டுவிட்டாள்.

லிகோன் தலையை நுழைத்தான், தோளை நுழைத்தான், கண்ணுக்கு மறைந்தான். உள்ளே சூடு அவனுக்கு உறைக்கவில்லை. பூதத்தின் காதருகே போய் உட்கார்ந்தான். தூங்குகிற முகத்தைப் பார்த்தான். அவனுக்கு எழுப்ப மனசே வரவில்லை. தூக்கம் எவ்வளவு அழகானது என்று தூங்காதவனுக்குத்தான் தெரியும்.

"அண்ணே," என்றான் கடைசியில், காற்று பேசுகிற மாதிரி. "ஒரே ஒரு மூச்சு. விட்டுட்டு மறுபடி தூங்கு. யாரும் எழுப்ப மாட்டாங்க. நான் பார்த்துக்கறேன்."

பூதம் ஒரு கண்ணைத் திறந்தது. பயமுறுத்தும் முகம் எதுவும் இல்லை. ஏதோ ஒரு பையன், நட்பாக, கண்ணாடி மாதிரி. அது சோம்பல் முறித்தது, மெல்ல, ஒரு ஜாடிகூட அசையாமல். பிறகு வாயைத் திறந்து கொட்டாவி விட்டது.

எப்பேர்ப்பட்ட கொட்டாவி! கடற்கரையில் படகுப் பாய்கள் எல்லாம் இந்தப்பக்கம் திரும்பின. நிகோனின் தலைத்துண்டு பறந்துபோய்த் துளையில் ஒட்டிக்கொண்டது. காற்று எல்லாத் துளை வழியாகவும் உள்ளே பாய்ந்தது. லிகோன் ஜாடியின் இரண்டு காதையும் இறுகக் கட்டிக்கொண்டான். கைக்குள்ளே ஜாடி சிவந்துகொண்டே வந்தது. அவனுடைய படம் மட்டும் கருப்பாக நின்றது.

கொட்டாவியோடு சூட்டையும் சேர்த்து விழுங்கிவிட்டுப் பூதம் மறுபடி கண்ணை மூடிக்கொண்டது.

மெலித்தா சூளை வாயை இடித்துத் திறந்தாள். ஜாடி வந்தது. ஜாடியைக் கட்டிக்கொண்டு கரிக்கோடு மாதிரி ஒன்று வந்தது. உடம்பெல்லாம் சூளைப்புகை அப்பியதால்தான் லிகோன் கண்ணுக்கே தெரிந்தான்.

"மூக்கு பெரிசாத்தான்கா வந்திருக்கு," என்றான்.

ஜாடியை வைக்கோலில் சுற்றிக்கொண்டு அவள் நடந்தாள். ஓடவில்லை. ஜாடியோடு ஓடக்கூடாது என்பது குயவர் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். அந்த நடைதான் அவள் வாழ்நாளில் நடந்த நீளமான நடை. சூரியன் கடலைத் தொட இரண்டு விரற்கடை இருக்கும்போது அரண்மனைக்குள் நுழைந்தாள். சொன்னபடியே அரசர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்கியாஸ் நின்றிருந்தான்.

மண்டபத்தின் அந்தக் கோடியில் ஜாடியை வைத்து வைக்கோலைப் பிரித்தாள்.

அரசர் முன்னால் குனிந்தார். எழவில்லை. நெடுநேரம் பார்த்தார்.

"ஒரு சக்கரம்," என்றார். "அதற்கு முன்னால் ஒரு இளைஞன் உட்கார்ந்திருக்கிறான். தலையைக் குனிந்திருக்கிறான். ஒரு கால் குட்டை." இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவனுக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது."

அவ்வளவுதான். மண்டபத்தில் இருந்த ஜாடிகள் எல்லாம் ஒருதரம் சிலிர்த்தன. குதிரை இறங்கியது, சிங்கம் இறங்கியது, போர்வீராங்கனை இறங்கினாள். கருப்பு சொட்டுச்சொட்டாகத் தரையில் வழிந்து, நிழல்நிழலாகப் பிரிந்து, வாசல் வழியாக வெளியே போயிற்று. தெருவில் மீன்காரி தன் நிழலைக் கண்டு, "வந்துட்டியா, வா வா," என்று முந்தானையை விரித்தாள்.

ஸ்கியாஸ் ஓடப் பார்க்கவில்லை. அவன் கிண்ணத்தின் அடியில் கிழிந்த துணி மாதிரி, வெளிறிப்போன ஒரு நிழல் மிஞ்சியிருந்தது. எல்லா மையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து எல்லாவற்றிலிருந்தும் பிரிந்து வந்த பழைய நிழல். அது தரையில் இறங்கி, தயங்கித் தயங்கி அவன் காலைத் தொட்டது. அவன் குனிந்து பார்த்தான். அப்படியே அரண்மனைப் படியில் சாய்ந்தான். காவலர்கள் பிடிக்க வந்தார்கள்.

"விடுங்கள்," என்றார் அரசர். "எழுந்ததும் பேசிக்கொள்ளலாம்."

அவன் எழ வெகுகாலம் ஆயிற்று. அதுவரை படியேறுகிறவர்கள் அவனைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

அரசர் மெலித்தாவிடம் என்ன வேண்டும் என்று கேட்டார். வீட்டுக்குப் போகவேண்டும் என்றாள். இருந்தாலும் அவர் சும்மா விடவில்லை. அதுமுதல் அரண்மனை ஜாடி ஒவ்வொன்றிலும் மெலித்தாவின் கருப்புதான். அந்தக் கருப்பை எப்படிச் சுடுவது என்று அவள் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். நிகோனுக்கு மட்டும் மூன்றுதரம் சொல்லவேண்டியிருந்தது. ஊரில் ஒவ்வொரு கோரமுகமாக இறங்கியது.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று அவள் வீட்டுக்கு வந்தபோது சூரியனில் கடைசிக் கீற்றுதான் பாக்கி. லிகோன் சூளைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் வழியாகச் சுவர் தெரியவில்லை. அவனேதான் தெரிந்தான், கரியும் புகையுமாக.

கடற்கரைப் பாதையில் ஒரு நிழல் வந்துகொண்டிருந்தது. மற்ற நிழல்கள் எல்லாம் எப்போதோ வந்து சேர்ந்துவிட்டன. இது கடைசியாக வந்தது. அரசரின் ஜாடியில் அத்தனை நாளும் முதலாவதாக ஓடிய நிழல், இப்போது ஒரு காலை இழுத்து இழுத்து, தன் நடையில் வந்தது.

லிகோன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அது பக்கத்தில் வந்து, அவன் கால்மாட்டில் தன்னைச் சரியாகப் பொருத்திக்கொண்டு படுத்தது. நீளக்கால் நீளக்காலோடு, குட்டைக்கால் குட்டைக்காலோடு.

"பாவம், ஓடிக் களைச்சுப்போச்சு," என்றான் லிகோன்.

மெலித்தா பதில் சொல்வதற்குள் அவன் தலை சாய்ந்துவிட்டது. சுவருக்கு அந்தப்பக்கம் பூதமும், இந்தப்பக்கம் தம்பியும் தூங்கினார்கள். அவள் நடுவில் உட்கார்ந்து, நிகோனின் சேவல் கூவி எழுப்ப வந்தால் விரட்டுவதற்காக ஒரு சுள்ளியைக் கையில் வைத்துக்கொண்டாள்.

கதை சூளையை விட்டு இறங்கிவிட்டது. சூடு ஆறுமுன் கேட்டவர்கள் ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போங்கள், மெதுவாக, ஓடாமல்.